தோளில் ஏறிய பிணம்

படத்தோடு கூடிய பேய்க்கதை அச்சுப்பொறியுடன் வந்த புதுச்சரக்கு அன்று என்பதைச் சித்தேரி மலையில் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இம்மலை இருக்கும் தருமபுரி மாவட்டம் நடுகற்கள் மலிந்த மண். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனின் உருவைக் கல்லில் செதுக்கி, அவன் இறந்த வகையை ஓரிரு வரிகளில் வெட்டிவைத்த முன்னோர், சாவையும் சித்திரத்தையும் சொல்லையும் ஒரே பலகையில் சேர்க்கும் வழியை அப்போதே கண்டிருந்தனர்.

அந்த வழி தாளில் தொடர்ந்த இடம் 1947-இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா'. கொங்கு நாட்டுக் காரத்தொழுவில் 1924-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கே. சி. சிவசங்கரன், 'சங்கர்' என்ற பெயரில் அவ்விதழுக்கு வரைந்த விக்கிரமாதித்தன் ஓவியம், உருவிய வாளோடும் தோளில் பிணத்தோடும் சுடுகாட்டில் நடக்கும் அரசனைத் தலைமுறைகளின் நினைவில் நிறுத்தியது. இவ்வாறு, கனவில் நிகழ்வதைப் போல, நடவாததை நடந்ததாகவே காட்டும் கலைமுறையை மீயதார்த்தம் என்பர்; பாரிசில் அதன் அறிக்கை வெளியானதும் சங்கர் பிறந்த அதே 1924-இல்தான் என்பது தற்செயலே ஆயினும் சுவையானது. வடமொழி மூலத்தில் பிணம் தொங்கும் மரம் வேறு. தமிழ் வழக்கு அதை முருங்கையாக்கியது. கை வைத்தால் ஒடியும் முருங்கையில் பிணத்தைத் தொங்கவிட்டவர்கள், அறிந்தோ அறியாமலோ, கனவின் நியாயத்தைத் தொட்டுவிட்டனர்.

ஆனால் அச்சம் பிணத்தில் இல்லை. காஷ்மீரத்தில் 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதைக்கடலில், துறவி ஒருவன் கேட்ட பிணத்தைச் சுமந்து வரும் அரசனுக்கு அதனுள் குடிகொண்ட வேதாளம் சொல்லும் கதைகளுள் ஒன்றில், ஒரு பெண்ணின் கணவனும் அவளுடைய உடன்பிறந்தானும் தேவியின் கோயிலில் அடுத்தடுத்துத் தம் தலையை அரிந்து பலியிடுகின்றனர். தன் தலையைத் தானே அரிந்து கொற்றவைக்குப் படைப்பதைத் தமிழில் அரிகண்டம் என்பர். அதைக் காட்டும் சிற்பங்கள் தமிழகத்தில் உண்டு. தானும் சாகத் துணிந்த அப்பெண்ணுக்குத் தேவி இரங்கி, தலைகளை உடல்களோடு பொருத்தச் சொல்ல, அவள் பதற்றத்தில் மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இருவரும் எழுகின்றனர். கணவனின் முகம் உடன்பிறந்தானின் உடலில் நின்று அவளைப் பார்க்கிறது. இவர்களுள் கணவன் யார் என்று வேதாளம் கேட்க, தலையே முதன்மை என அரசன் தீர்ப்பளிக்கிறான். தீர்ப்பு சரியாகவே இருக்கலாம், ஆனால் அவள் அன்றிரவு எந்தக் கையைப் பற்றினாள் என்பதை அது தொடவே இல்லை. ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன் 1940-இலும், பின்னர் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் 'ஹயவதன' நாடகத்திலும் இக்கதையை மீண்டும் எடுத்தது, தீர்ப்புக்கு வெளியே நின்றுவிட்ட அந்தப் பெண்ணை விட முடியாததால்தான் என்று கொள்ள இடமுண்டு.

விடை அறிந்தும் வாய் திறவாவிட்டால் அரசனின் தலை சிதறும், திறந்தாலோ பிணம் மரத்துக்கே திரும்பும் என்ற இக்கட்டில் அவனை அலைக்கழித்த வேதாளம், கடைசிக் கதையில் விடை தெரியாமல் அவன் மௌனமாக நடந்தபோது மனம் கனிந்து, பிணம் கேட்ட துறவி அவனை விழுந்து வணங்கச் சொல்லிப் பலியிடப் போகும் வஞ்சகத்தைச் சொல்லிவிடுகிறது. விழுந்து வணங்கும் முறையைக் காட்டும்படி அரசன் கேட்கிறான், துறவி குனிகிறான். அதுவரை பிணத்தின் கயிற்றை அறுக்க மட்டுமே பயன்பட்ட வாள் அப்போது இறங்குகிறது.