நெஞ்செரிவும் கைப்பைக் குளிசையும்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு வைத்தியராகச் சில வார்த்தைகள் பேசும்படி கேட்டார்கள். நம்மில் பலரது கைப்பையில் கிடக்கும் அன்ராசிட் குளிசையைப் பற்றியே பேசுகிறேன்.

உணவு சமிபாடடைய இரைப்பை ஐதரோக்குளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. அது மேலேறி உணவுக்குழாயைத் தொட்டால் எரிவும் புளியேப்பமும் உண்டாகும். அலுமினியம், மக்னீசியம் ஐதரொட்சைட்டுக்கள் அடங்கிய குளிசையோ பாணியோ அந்த அமிலத்தை நடுநிலையாக்கும். ஆய்வுகூடத்தில் அமிலத்தையும் காரத்தையும் கலந்து பார்த்தோமே, அதே தாக்கம்தான். சில நிமிடங்களில் சுகம் தெரியும். வெறும் வயிற்றில் எடுத்தால் அந்தச் சுகம் விரைவில் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தால் கூடுதல் நேரம் நிற்கும். தைரொக்சின் குளிசைக்கும் இதற்கும் இடையில் 4 மணித்தியாலம் விடுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

ஆனால், எரிவைத் தணிப்பது வேறு, நோயை மாற்றுவது வேறு. முழங்கால் வலிக்கு நாம் எடுக்கும் டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கலாம். ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியும் அதைச் செய்யும். அதைக் கண்டறிந்த பரி மார்ஷலும் ரொபின் வொரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமியை அழிக்க நுண்ணுயிர்கொல்லி மருந்து வேண்டும், அன்ராசிட் போதாது.

இரண்டு வாரமாகத் தினமும் குளிசை தேவைப்பட்டால் வைத்தியரிடம் போங்கள். விழுங்கக் கஷ்டம், காரணமின்றி உடல் மெலிதல், தார்போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். பெண்களுக்கு வரும் மாரடைப்பு சிலவேளை வெறும் 'வாய்வு' போலவே இருக்கும். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடையிலோ கையிலோ வலி இருந்தால் குளிசையைத் தேடாதீர்கள். இலங்கையில் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெளிநாட்டில் வாழும் சகோதரிகள் அந்தந்த நாட்டு அவசர இலக்கத்தை அழையுங்கள்.

வீட்டில் எல்லோருடைய மருந்து நேரமும் நமக்குத் தெரியும். நமது வருத்தத்தை மட்டும் "பிள்ளையின்ரை சோதினை முடியட்டும்", "கலியாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம். அந்தத் தள்ளிப்போடலுக்கு இந்தக் குளிசை துணைபோகக் கூடாது. நமது சங்கம் நூறு வயதைக் கண்டுவிட்டது. அதன் பிள்ளைகளும் நலமாக நெடுங்காலம் வாழவேண்டும்.