ராத்திரி எங்கே தங்குவது?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டுவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல பொருள் செய்யவும் கற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் சென்னையில் கண்காட்சி என்று கடிதம் வந்து, "யாரும்மா போறீங்க?" என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடுகிறது. காரணம் பஸ் செலவு இல்லை. "ராத்திரி எங்க தங்குறது?" என்ற கேள்விதான். சென்னையில் சொந்தக்காரர் வீடு இருப்பவர் போகிறார். மற்றவர் இடித்த சத்துமாவும் போட்ட ஊறுகாயும் ஊர்ச் சந்தையோடு நின்றுவிடுகிறது. அதனால் இன்று இதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பெண் என்ற காரணத்துக்காக யாரையும் கடையிலோ, உணவகத்திலோ, விடுதியிலோ நுழைய விடாமல் தடுக்கக் கூடாது என்று நம் அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும், "கூட ஆம்பளை யாரும் வரலியா?" என்று கேட்கிற லாட்ஜும் இருக்கத்தான் செய்கிறது. மூட்டையோடு போய் நின்று அங்கே வாதாட முடியாது. அதனால் ஊரிலேயே போன் போட்டு, "நான் ஒருத்திதான் வர்றேன்" என்று சொல்லுங்க. சரி என்றால் முன்பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்க.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? வாடகையை மட்டும் பார்க்காதீங்க. வேலை முடிந்து இருட்டிய பிறகு திரும்பி வருகிற வழியைப் பாருங்க. நுங்கம்பாக்கத்தில், வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் இருக்கிற அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சி என்று வையுங்கள். தென்மாவட்ட பஸ் நம்மைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர். பஸ் நிலையம் பக்கம் சல்லிசாக இருக்கிறதே என்று அங்கே அறை எடுத்தால், ராத்திரி கடை கட்டிய பிறகு அவ்வளவு தூரம் போக வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். தூரத்து அறை 600 ரூபாய், போக வர ஆட்டோ 500 ரூபாய். மொத்தம் 1,100. கண்காட்சிக்குப் பக்கத்தில் அறை 900 ரூபாய், நடந்தே வந்துவிடலாம். எது மலிவு? நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேர் சேர்ந்து போனால் அந்த 900-ம் பாதியாகிவிடும்.

போனில் கேட்க வேண்டியது நாலு விஷயம். ஒன்று, நாள் கணக்கு எப்படி? நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா, பகல் 12 மணியோடு முடிகிறதா? 12 மணிக் கணக்கு என்றால், விடியற்காலை 5 மணிக்குப் போய் இறங்கினாலே ஒரு நாள் வாடகை கேட்பார்கள். இரண்டு, ராத்திரி வரவேற்பில் ஆள் இருப்பார்களா? மூன்று, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா? நாலு, எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

அறைக்குள் போனதும் முதலில் தாழ்ப்பாளையும் ஜன்னல் கொக்கியையும் போட்டுப் பாருங்க. சரியாக விழவில்லை என்றால் பையைப் பிரிக்காமல் வேறு அறை கேளுங்க. இதில் கூச்சமே வேண்டாம். ஆதார் நகல் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம்.

ரயிலில் போகிறவர்களுக்குப் பெரிய நிலையங்களில் ஓய்வறை உண்டு. உறுதியான டிக்கெட்டோ, ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தால் அந்த பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம். ஓரிரு நாள் வேலைக்கு அது போதும். வேலை பார்க்கும் பெண்களுக்காக அரசு நடத்துகிற 'தோழி' விடுதிகளிலும், குறைந்த நாளுக்கு இடம் கிடைக்குமா என்று போனில் கேட்டுப் பார்க்கலாம். பெண்கள் உதவிக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112, ரயிலில் என்றால் 139. இந்த மூன்று எண்ணையும் இன்றைக்கே போனில் பதிந்துகொள்ளுங்க.

கடைசியாக, நம் கூட்டமைப்புக்கு இரண்டு வேண்டுகோள். பொருள் விற்கப் போகும் உறுப்பினரின் தங்கும் செலவை வீண் செலவு என்று பார்க்காமல், பாக்கெட் கவருக்கும் லேபிளுக்கும் எழுதுகிற மாதிரி தொழில் செலவாக எழுதத் தீர்மானம் போடுங்கள். இன்னொன்று, அலுவலகத்தில் ஒரு நோட்டு வையுங்கள. போய் வருகிற ஒவ்வொருவரும் எங்கே தங்கினோம், வாடகை எவ்வளவு, ராத்திரி வழி எப்படி, மறுபடி அங்கே தங்கலாமா என்று நாலு வரி எழுதட்டும். எழுத வராதவர் சொல்லட்டும், ஊக்குநர் எழுதிக்கொள்ளட்டும். பத்துப் பேர் எழுதிய பிறகு, பதினோராவதாகப் போகிற பெண் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தைரியமாக பஸ் ஏறலாம்.