ஒப்பந்தச் சட்டம் பயிலும் மாணவருக்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி வழிகாட்டு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை)

 

பொறியியலைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியும் பேச இங்கே பலர் உள்ளனர். சட்டக் கல்வியைப் பற்றிப் பேசும் பொறுப்பு நமக்கு வந்துள்ளது. சட்டம் என்றதும் கொலை வழக்கும் ஜாமீன் மனுவும்தான் பலருக்கு நினைவு வருகின்றன. ஆனால் சட்டக் கல்லூரிக்குள் நுழையும் மாணவரைத் தொடக்க ஆண்டுகளிலேயே எதிர்கொள்ளும் பாடங்களுள் முதன்மையானது, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தாலும், பட்டம் பெற்றபின் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தாலும் இப்பாடத்தைக் கடந்தே செல்ல வேண்டும்.

சட்டநூல் அளவில் சிறியதே. சரக்கு விற்பனை 1930இலும் கூட்டு வணிகம் 1932இலும் தனிச் சட்டங்களாகப் பிரிந்துவிட்டன. எஞ்சியவற்றுள் முதல் 75 பிரிவுகள் பொதுக் கோட்பாடுகள். மாணவர்கள் 'கான்ட்ராக்ட் ஒன்று' என்பர். 124 முதல் 238 வரையுள்ள பிணையம், அடைமானம், முகவாண்மை முதலியன 'கான்ட்ராக்ட் இரண்டு'. இவ்வளவுதானே என்று நினைத்து மனப்பாடம் செய்யத் தொடங்குவோர் இடறி விழுகின்றனர். இப்பாடத்தைக் கற்பிப்பவை பிரிவுகள் அல்ல, வழக்குகள்.

இந்த அவைக்குப் பொருத்தமான இரண்டு வழக்குகளைச் சொல்கிறோம். 1914இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் முடிவான அப்துல் அஜீஸ் எதிர் மாசூம் அலி வழக்கு முதலாவது. பள்ளிவாசல் கட்டடப் பணிக்கு 500 ரூபாய் தருவதாக ஒருவர் வாக்களித்தார், தரவில்லை. பள்ளிவாசல் குழுவின் சார்பில் வழக்கிட்டனர். வழக்கு தோற்றது. வாக்களித்தவருக்கு அதனால் பயன் எதுவும் வரவில்லை; அவர் வாக்கை நம்பிக் குழுவினர் எந்தச் செயலிலும் இறங்கவுமில்லை. எனவே 'மறுபயன்' இல்லை. மறுபயன் இல்லாத வாக்குறுதி ஒப்பந்தமாகாது என்றது நீதிமன்றம். (நம் பொருளாளர் அவர்களின் முகத்தில் கவலை படர்வது தெரிகிறது. சற்றுப் பொறுக்க வேண்டும்.)

மற்றொன்று 1886இல் கல்கத்தாவில் முடிவான கேதார்நாத் எதிர் கோரி முகம்மது வழக்கு. ஹவுராவில் நகர மண்டபம் கட்ட நன்கொடைப் பட்டியல் சுற்றுக்கு விடப்பட்டது. கோரி முகம்மது 100 ரூபாய்க்குக் கையொப்பமிட்டார். அப்பட்டியலை நம்பி, கட்டடம் கட்டுவதற்கு ஒப்பந்ததாரரை அமர்த்தினர். பின்னர் அவர் பணம் தர மறுத்தார். அவர் தந்தே ஆக வேண்டும் என்பது தீர்ப்பு. பணம் எதற்காகத் திரட்டப்படுகிறது என்பதும், அதை நம்பிக் கடமையேற்கப் போகின்றனர் என்பதும் அவர் அறிந்தே கையொப்பமிட்டார் அல்லவா?

இரண்டிலும் நன்கொடை வாக்கு, இரண்டிலும் ஒரே சட்டம், முடிவோ நேர்மாறானது. ஏன் என்று வகுப்பில் ஒரு முழு மணி நேரம் வாதிடுவதே ஒப்பந்தச் சட்டம் பயில்வது என்பதன் பொருள். நிகழ்ச்சி என்ன, எழுந்த வினா என்ன, முடிவு என்ன, முடிவுக்குக் காரணம் என்ன என்று நான்காகப் பிரித்து எழுதப் பழக்குவர். தேர்வில் கற்பனை நிகழ்ச்சி ஒன்றைத் தந்து, "இவருக்கு என்ன அறிவுரை கூறுவீர்?" என்று கேட்பர். அங்கே மனப்பாடம் துணைக்கு வராது.

லால்மன் சுக்லா வழக்கு (1913) இவ்வகையில் மாணவர்களை உலுக்குவது. முதலாளியின் மருமகன் காணாமற்போக, அவனைத் தேடிவர ஊழியரான லால்மன் அனுப்பப்பட்டார். அவர் சென்றபின் முதலாளி 501 ரூபாய் பரிசு அறிவித்தார். லால்மன் அதை அறியாமலே பையனைக் கண்டுபிடித்தார். பரிசு கிடைக்கவில்லை, அறியாத முன்மொழிவை ஒருவர் ஏற்க இயலாது என்றது நீதிமன்றம். இது நியாயமா என்று மாணவர்கள் கொதிப்பர். அக்கொதிப்பு நல்லது, ஆனால் அதைக் காரணமாக மாற்றிச் சொல்லத் தெரிய வேண்டும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் அம்மிராஜு எதிர் சேஷம்மா வழக்கையும் குறிப்பிட வேண்டும். சொத்துரிமையைத் தன் சகோதரருக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தராவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று கணவர் மிரட்ட, மனைவியும் மகனும் எழுதிக் கொடுத்தனர். அது வன்புறுத்தலே, சம்மதம் அன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்மானித்தனர். வீட்டுக்குள் கண்ணீராலும் மிரட்டலாலும் வாங்கப்படும் கையொப்பங்களை அறியாத குடும்பம் நம்மில் எத்தனை?

இனி, நம் மக்களைப் பெரிதும் வதைக்கும் ஒரு பகுதிக்கு வருவோம். உறவுக்காகவும் முகத்தாட்சண்யத்துக்காகவும் பிறர் கடனுக்குப் பிணைக் கையொப்பம் இடுவது நம் பகுதியில் சாதாரணம். "சும்மா ஒரு கையெழுத்துதான், அவன் கட்டாவிட்டால் முதலில் அவன் வீட்டைத்தானே பிடிப்பார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அவ்வாறு கூறவில்லை. கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவரை, பிணையாளிக்கும் அவ்வளவே என்கிறது 128ஆம் பிரிவு. வங்கி முதலில் கடனாளியைத் துரத்திவிட்டுத்தான் பிணையாளியிடம் வர வேண்டும் என்பதில்லை என, பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நேராகப் பிணையாளியின் கதவையே தட்டலாம்.

பிணையாளிக்குப் பாதுகாப்பே இல்லை என்பதும் அன்று. அவரது சம்மதமின்றிக் கடன் நிபந்தனைகளை வங்கியும் கடனாளியும் தமக்குள் மாற்றிக்கொண்டால், மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலைப் பொறுத்து அவர் விடுபடுகிறார் (பிரிவு 133). கடனைத் தீர்த்தபின், கடன் கொடுத்தவருக்கிருந்த உரிமைகள் அனைத்தும் அவருக்கு வந்து சேரும் (பிரிவு 140). ஆனால் பிணையப் பத்திரங்களில் இவ்வுரிமைகளுள் சிலவற்றை விட்டுக்கொடுக்கும் வாசகங்கள் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது வழக்கம். ஜமாஅத்துக்கு ஒருவராவது அதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர் இருந்தால், எத்தனை வீடுகள் தப்பும்!

மாணவர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது வயது. பருவமடைந்தவர் பெரியவரே என்ற எண்ணம் நம்மிடையே இருக்கலாம்; கொடுக்கல் வாங்கலில் சட்டம் 18 வயதையே கேட்கிறது. மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் (1903), சட்டப்படி இளையராக இருந்த ஒருவர் தம் சொத்தை வட்டிக்காரரிடம் ஈடு வைத்தார். இளையர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. கடன் கொடுத்தவர் பணத்தையும் திரும்பப் பெற முடியவில்லை. தவணையில் பொருள் வாங்கக் கையொப்பமிடும் பதினேழு வயதுத் தம்பிகள் இதை வைத்து ஏமாற்றலாம் என எண்ண வேண்டாம். உணவு, உடை போன்ற இன்றியமையாப் பொருள்களுக்கான தொகை இளையரின் சொத்திலிருந்து வசூலாகும் என்று 68ஆம் பிரிவு கூறுகிறது.

இப்பாடத்துக்கு விலையுயர்ந்த நூல்கள் தேவையில்லை. விளக்கவுரை இல்லாத வெறும் சட்டநூல் முதலில் போதும். அதிலேயே பிரிவுகளுக்குக் கீழே எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. 'அ' என்பவர் 'ஆ'வுக்கு வீட்டை விற்க முன்வருகிறார் என்பது போன்ற சிறு கதைகள்தாம். பலர் தாண்டிச் சென்றுவிடும் அவற்றை நாம் முதலில் படிக்கச் சொல்வோம். ஆங்கிலம் அச்சுறுத்தினால், ஒரு நாளைக்கு ஒரு பிரிவை எடுத்துத் தமிழில் சொந்த நடையில் எழுதிப் பாருங்கள். 'இஃப்', 'அன்லெஸ்', 'ப்ரவைடட்' என்னும் சொற்களைத் தவறவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

நம் பள்ளிவாசல் நூலகத்தில் இச்சட்டநூலின் பிரதிகள் இரண்டை வைக்க நிர்வாகக் குழு இசைந்துள்ளது. இவ்வாண்டு சட்டப் படிப்பில் சேர விரும்பும் மாணவ மாணவியர் தம் பெயரைச் செயலாளரிடம் பதிவு செய்தால், கல்லூரி திறக்கும் முன்பே வாரம் ஒரு வழக்காக உட்கார்ந்து படிக்க நாம் அணியமாக இருக்கிறோம். அப்துல் அஜீஸ் வழக்கிலிருந்தே தொடங்குவோம். வஸ்ஸலாம்.