நெரிசல் நேரத்துக்கு ஒரு கணக்கு



தீபாவளிக் காலையில் வெளியூரில் இருக்கும் மகளைத் தொலைபேசியில் அழைக்கிறோம். இணைப்புக் கிடைக்கவில்லை. வாழ்த்துதானே, மாலையில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், வெள்ளம் சூழ்ந்த இரவிலோ, வீட்டில் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்ட வேளையிலோ இணைப்புக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? ஆகவே, தொலைபேசி நிலையம் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகளைத் தாங்கும் என்பது நமக்கும் உரிய கேள்விதான். அதையே கொள்ளளவு என்கிறோம்.

பால்மரத் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். நாள் முழுவதும் அங்கே கூட்டம் இல்லை. வெட்டு முடிந்து எல்லோரும் வாளியோடு வந்து சேரும் நேரத்தில்தான் நெரிசல். முழு நாளுக்கும் சராசரி போட்டு, ஒரு தராசு போதும் என்று முடிவு செய்தால், பின்னால் வருகிறவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

தொலைபேசிக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் எர்லாங். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1917-ஆம் ஆண்டில் தம் சூத்திரத்தை வெளியிட்டார். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் 100 அழைப்புகள். ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். மொத்தம் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். அப்படியானால் 5 இணைப்புகள் போதுமல்லவா? போதாது. மக்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து அழைப்பதில்லை. 5 இணைப்புகள் மட்டும் இருந்தால், 100 அழைப்புகளில் ஏறக்குறைய 28 கிடைக்காமல் போகும். அதை ஒன்றுக்கும் கீழே குறைக்க 11 இணைப்புகள் வேண்டும்.

இன்றைய நிலையங்களில் இணைப்புகளைக் கொடுப்பது கணினி. அதற்கு வேலை சொல்வது மென்பொருள். ஓர் அழைப்பைக் கவனிக்கக் கணினிக்கு ஒரு விநாடியில் 100-இல் ஒரு பங்கு நேரம் பிடித்தால், விநாடிக்கு 100 அழைப்புகளைக் கவனிக்கும். புதிய வசதி ஒன்றைச் சேர்த்ததால் அது 80-இல் ஒரு பங்காக உயர்ந்தால், 80 அழைப்புகளைத்தான் கவனிக்கும். சாதாரண நாளில் இந்தக் குறை யாருக்கும் தெரியாது. நெரிசலில்தான் தெரியும்.

1990 ஜனவரி 15-ஆம் நாள் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் 114 பெரிய நிலையங்களிலும் அதற்கு முந்திய மாதம் புதிய மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. அன்று நியூயார்க் நிலையம் ஒன்று சிறிது நேரம் நின்று, மீண்டும் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து இரண்டு செய்திகள் அடுத்தடுத்து, மிக நெருக்கமாக வந்தபோது, அண்டை நிலையங்களின் மென்பொருள் தடுமாறியது. அவையும் நின்று எழுந்து, மற்றவற்றையும் நிறுத்தின. சுமார் 9 மணி நேரம் கோடிக்கணக்கான அழைப்புகள் வீணாயின. நிலையங்களுக்கிடையே செல்லும் செய்திகளின் சுமையைக் குறைத்த பிறகே நிலைமை சீரடைந்தது. செய்திகள் இடைவெளி விட்டு வந்தபோது பிழை வெளிப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, மென்பொருள் எழுதும் முறையிலேயே நான்கு காரியங்கள் இடம்பெற வேண்டும். முதலாவது, எழுதத் தொடங்கும் முன்பே, நெரிசல் நேரத்தில் எத்தனை அழைப்புகள் வரும் என்று எண்ணால் குறிக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முழுச் சுமையையும், அதற்கு மேலும் ஏற்றிச் சோதிக்க வேண்டும். மூன்றாவது, தாங்க முடியாத கூட்டம் வந்தால் யாரை நிறுத்தி வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அவசர அழைப்புக்கு முதலிடம் தர வேண்டும். நான்காவது, புதியதைச் சில நிலையங்களில் மட்டும் முதலில் ஏற்றிப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெற்றோர்களே, கணினித் துறைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ளட்டும். "வேலை செய்கிறதா?" என்று கேட்பது பாதிக் கேள்விதான். "எல்லோரும் ஒன்றாக வந்தாலும் வேலை செய்யுமா?" என்பதே மீதி. அந்த மீதியைக் கேட்கிறவர்களால்தான், ஆபத்து வேளையில் ஓர் ஏழைக் குடும்பத்தின் குரலும் போய்ச் சேரும்.