வாசலிலிருந்து மேசை வரை



மேடை காலியாக இருப்பதைப் பார்க்கிறீர்கள். அதில் ஏற ஏழு படிகள்; சாய்தளம் இல்லை. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கான இந்தக் கருத்தரங்கில் இன்று கட்டுரை படிக்கவிருப்பவர்களில் நால்வர் சக்கர நாற்காலியில் வந்திருக்கிறார்கள். அவர்களை மேலே தூக்கி வைப்பதைவிட நாம் எல்லோரும் கீழே அமர்வதே முறை என்று அமைப்பாளர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்கு என் முதல் நன்றி.

தூக்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அக்கா சக்கர நாற்காலிக்கு வந்த புதிதில், ஓய்வூதிய வேலையாக ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே சாய்தளம் இருந்தது. ஆனால் சாலைக்கும் அதற்கும் நடுவே மூடியில்லாத சாக்கடை. நல்ல மனம் படைத்த இருவர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "தூக்கலாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?" முப்பதாண்டுகள் கட்டடப் பொறியியல் கற்பித்தவன் நான். அந்தக் கேள்விக்கான பாடம் என் வகுப்பில் இருந்ததே இல்லை.

சாய்தளத்தின் கணக்கு எளிது. ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரையடி உயரத்தில் மூன்று படிகள் என்றால் பதினெட்டு அடி. நம் ஊர்களில் அதே மூன்று படிகளுக்கு ஐந்தடியில் சாய்தளம் போட்டு, கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். அதில் தானாக ஏற எந்தத் தோளுக்கும் வலு போதாது. இறங்கினால் நாற்காலி குப்புறக் கவிழும். கழிப்பறைக் கதவு இரண்டரை அடி. நாற்காலியே ஏறத்தாழ இரண்டேகால் அடி. சக்கரத்தைத் தள்ளும் கை எங்கே போகும்? தமிழகமெங்கும் போகும் சிமெண்ட் அரியலூர் மண்ணில் தயாராகிறது. நமக்குக் குறை சிமெண்ட் அல்ல, அளவு நாடா.

சட்டத்துக்கும் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அணுகல் நெறிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக் கூடாது என்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய அது தந்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்க முடியாது, கட்டாயமானவையாக வகுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கட்டடம் சரியானாலும் அதுவரை போய்ச் சேர வேண்டுமே. பெரம்பலூருக்கு இரயில் நிலையம் கிடையாது. எங்கே போவதானாலும் பேருந்துதான். நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை, மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பேருந்தின் தளம் தரைக்கு மேலே ஏறத்தாழ மூன்றடியில் நிற்கிறது. சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே அப்படி ஒன்று ஓட வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

சென்னை மெரினா மணலில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள். அன்று முதன்முறையாக அலையில் கால் நனைத்தவர்களின் முகங்களை நாளிதழ்களில் பார்த்தோம். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சீரமைத்தார்கள். பராமரிப்பும் திட்டத்தின் பகுதிதான் என்பதை அங்கே கற்றோம். அந்தப் பாடத்தோடு, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில், கல்லில் ஓர் உளி படாமல், வேண்டும்போது கழற்றி மாட்டும் மரச் சாய்தளத்தால் எதுவரை போக முடியும் என்பதை நம் ஆய்வாளர்கள் தொல்லியல் துறையோடு உட்கார்ந்து வரைய வேண்டும். இராஜேந்திர சோழன் எழுப்பிய விமானத்தை ஒருவர் வெளித்திடலில் இருந்தே பார்த்துத் திரும்பக் கூடாது.

நான் பெரிதும் நம்புவது இன்னொன்றை. 2025இல் நம் சட்டமன்றம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்தச் சட்டத் திருத்தம் செய்தது. இனி வரவு செலவு பேசும் இடத்தில் அவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்த உறுப்பினர் கூட்டத்துக்கு வரும் நாளில், ஊராட்சி அலுவலக வாசலில் எத்தனை படிகள் இருக்கும்? சக்கரம் புதையாமல் தெருவிலிருந்து வர முடியுமா? உள்ளே மேசைக்கடியில் நாற்காலி நுழையுமா? வீட்டு வாசலிலிருந்து அந்த மேசை வரை வழி ஓரிடத்திலும் அறுபடக் கூடாது. இடையில் ஓர் அடி அறுந்தாலும் மற்ற சாய்தளங்கள் எல்லாம் வீண். ஆகவே கட்டடங்களை எண்ணும் ஆய்வு வேண்டாம்; பயணங்களை அளக்கும் ஆய்வு வேண்டும். இரு மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகங்களை ஒவ்வொன்றாக, நாற்காலியில் வருபவரோடு சேர்ந்து அளந்து, அளவுகளைத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுப்போம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வர வேண்டாம்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வு இந்த மண்டபத்தில் இல்லை. பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாலக்கரை வரை போகிறோம். நாற்காலியில் வந்திருக்கும் நால்வரும் முன்னே செல்வார்கள். அவர்கள் கேட்டால் ஒழிய யாரும் நாற்காலியில் கை வைக்க வேண்டாம். அளவு நாடாவும் நோட்டும் பதிவு மேசையில் இருக்கின்றன. வெயில் ஏறுமுன் கிளம்புவோம்.