பள்ளிக்கரணையும் நம்ம ஹோம் லோனும்

இன்னைக்கு நாம பேசப் போற சப்ஜெக்ட், எஞ்சினியரிங் படிச்ச எல்லாரும் எழுதி பாஸ் பண்ணினது. சுற்றுச்சூழல் அறிவியல். 'முந்தின நாள் ராத்திரி படிச்சா போதும்'னு சீனியர்ஸ் சொல்லுவாங்களே, அதே பேப்பர்தான். அதுல இருந்து மூணு வார்த்தையை மட்டும் எடுத்துக்கிட்டு சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் போவோம். ஏன் ஓ.எம்.ஆர்.? நம்மில் நிறைய பேர் அங்கதான் வேலை பார்க்கிறோம், வாடகைக்கு இருக்கோம். இருபது வருஷ லோன் போட்டு அங்கேயே ஒரு ஃப்ளாட் வாங்கலாமான்னும் யோசிக்கிறோம்.

முதல் வார்த்தை, சூழல் மண்டலம். ஈகோசிஸ்டம்னு சொன்னா சட்டுனு புரியும். மண், தண்ணி, செடி, பறவை, மனுஷன் எல்லாம் ஒண்ணை ஒண்ணு நம்பி இயங்குற ஒரு ஏற்பாடு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் அப்படி ஒண்ணு. தென்சென்னையிலயும் அதைச் சுத்தியும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்புல பெய்யுற மழை, ஏரி ஏரியா நிரம்பி வழிஞ்சு கடைசியா இங்க வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் வழியா கடலுக்குப் போகும்.

ரெண்டாவது வார்த்தை, சூழல் சேவைகள். இயற்கை நமக்கு பில் போடாம செய்யுற வேலைகள். சதுப்பு நிலம் மழைத் தண்ணியை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி வெச்சுக்கிட்டு மெதுவா வெளியே விடும். நிலத்தடி நீர் ஊற உதவும். பூநாரைகளுக்கு இரை கொடுக்கும். நம்ம பாஷையில சொன்னா அது ஒரு பஃபர். டிராஃபிக் திடீர்னு ஏறும்போது சர்வர் விழாம காப்பாத்துற வேலை.

அந்த பஃபரை நாம என்ன பண்ணினோம்? ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்ததா சொல்ற இடம் இது. 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்தப்போ குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். நடுவுல பெருங்குடி குப்பைக் கிடங்கு வந்துச்சு. சாலைகள், ஐ.டி. பார்க்குகள், அப்பார்ட்மெண்ட்டுகள், அரசுக் கட்டடங்களும் வந்துச்சு. பயன் இல்லாத நிலம்னு நினைச்ச இடத்துல கட்டினாங்க. ஆனா அந்த நிலம் சும்மா கிடந்ததே தண்ணிக்காகத்தான்.

விளைவு நமக்குத் தெரியும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல சுமார் 49 சென்டிமீட்டர் மழை. அவ்வளவு மழை எந்த ஊருக்கும் கஷ்டம்தான். ஆனா தேங்க இடம் இல்லாத தண்ணி வீட்டுக்குள்ள தேங்குச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் மறுபடியும் படகு. இந்த ரெண்டுக்கும் நடுவுல, 2019 கோடையில, நகரத்துக்குத் தண்ணி தர்ற நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. சில ஐ.டி. கம்பெனிகள் வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு சொன்னாங்க. வெள்ளமும் பஞ்சமும் எதிரெதிரா தெரியும். ஆனா ரெண்டுக்கும் பின்னாடி ஒரு பொதுவான காரணம் இருக்கு: வர்ற மழையைப் பிடிச்சு வைக்கிற இடத்தை நாம சுருக்கிட்டோம்.

மூணாவது வார்த்தை, நிலைத்த வளர்ச்சி. 1987-ல நார்வே பிரதமர் குரோ ஹார்லம் புருன்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் இதுக்கு ஒரு விளக்கம் கொடுத்துச்சு. இன்னைக்கு இருக்கிறவங்க தேவை நிறைவேறணும், நாளைக்கு வர்றவங்க வழியையும் அடைக்கக் கூடாது. இதை எல்லாரும் எக்ஸாம்ல எழுதியிருப்போம். அதே அறிக்கை இன்னொண்ணும் சொல்லுது: தேவைன்னா முதல்ல ஏழைகளோட அடிப்படைத் தேவை. அதை நாம மறந்துடுறோம்.

ஓ.எம்.ஆர்.-ல இதுக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்ல. ஆத்தங்கரையில இருந்தா வெள்ளம் வரும்னு சொல்லி நகரத்துக்குள்ள இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துல குடியேத்தினாங்க. 2023-ல அங்கேயும் வெள்ளம். நம்ம ஃப்ளாட்டுல தண்ணி வந்தா ஹோட்டல்ல ரூம் போடலாம், ஊருக்குப் போயிடலாம். அன்னாடக் கூலியை நம்பி இருக்கிறவங்க எங்க போவாங்க? அவங்களை விட்டுட்டுப் போடுற கணக்கு வளர்ச்சிக் கணக்கே இல்ல.

சரி, நாம என்ன பண்ணலாம்? ஒரு சின்னக் கணக்கு. சென்னையில வருஷத்துக்குச் சராசரியா சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில விழுறது மட்டும் சுமார் 1,30,000 லிட்டர். பத்து டேங்கர் லாரித் தண்ணி! அப்பார்ட்மெண்ட்டுல அந்த மாடி எல்லாருக்கும் பொதுதான். பங்கு போட்டாலும் விட மனசு வராது இல்லையா? 2003-லயே தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சு. அதனால அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'குழியைக் கடைசியா எப்போ தூர் வாரினோம்?' வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்கும். செப்டம்பருக்குள்ள பதில் வேணும்.

வீடு வாங்கப் போறவங்களுக்கு இன்னும் ரெண்டு. கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்களைத் திறந்து, அந்த இடம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. அப்புறம் பட்டா, வில்லங்கச் சான்று பார்க்கும்போதே, 'அ' பதிவேட்டுல அந்த சர்வே நம்பர் என்ன வகைன்னு பாருங்க. ஏரி, ஓடை, கால்வாய்னு இருந்தா, ஸ்விம்மிங் பூல், கிளப் ஹவுஸ்னு என்ன காட்டினாலும் எழுந்து வந்துடுங்க. நீங்க வாங்கலைன்னா அடுத்த ஏரி கொஞ்ச நாள் கூடுதலா ஏரியாவே இருக்கும்.

உங்க ஏரியா பேர்ல ஏரி, தாங்கல், மடுவு, கரணைன்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டு, அங்க முன்னாடி தண்ணி எங்க நின்னுச்சுன்னு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைத்தான் பேசப் போறோம்.