வீட்டில் படிக்கும் குழந்தைகளும் நம் பண்டிகைகளும்

(தில்லியில் நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கத்தில் நாலைந்து குடும்பங்களில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். ஹோம் ஸ்கூலிங் என்கிறார்கள். அவர்களுக்கு விடுமுறைகளிலும் பண்டிகை நாட்களிலும் என்ன சொல்லிக் கொடுக்கலாம் என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடமே போகாத குழந்தைக்கு விடுமுறை ஏது? பிறகு யோசித்துப் பார்த்தால், கஷ்டமே அதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடக் குழந்தைக்கு வருஷத்தை யாரோ வகுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பரீட்சை, லீவு, மறுபடி புதுப் புஸ்தகம். வீட்டில் படிக்கும் குழந்தைக்கு எல்லாத் திங்கட்கிழமையும் ஒரே மாதிரி. அதற்கு வருஷத்தை வகுத்துக் கொடுக்கக்கூடியவை வெயிலும் மழையும் பனியும், அவற்றோடு ஒட்டி வரும் நம் பண்டிகைகளும்தான்.

"இதெல்லாம் சட்டப்படி சரியா, நாளைக்குக் காலேஜில் சேர்ப்பார்களா?" என்று பெரியவர்கள் கவலைப்படுவது நியாயமே. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தை வைத்தே பேசுகிறது. வீட்டுக் கல்விக்கென்று தனியாக வழி சொல்லவில்லை. ஆனால் 14 வயது நிரம்பியவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. அதற்கு மேல் இதை நான் விரிக்கப்போவதில்லை. என் பெண் தன் இரண்டு குழந்தைகளையும் வீட்டில்தான் படிக்க வைக்கிறாள். ஆகையால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குச்சி. மணல் நிரப்பிய பழைய பெயிண்ட் டப்பாவில் ஒரு குச்சியை நட்டு, மொட்டை மாடித் தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நூலில் ஒரு போல்ட்டைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி நேராக நிற்கிறதா என்று குழந்தையே பார்க்கட்டும். வாரம் ஒரு நாள், நடுப்பகலில் நிழல் மிகவும் குறுகும்போது அதன் நீளத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். நம் ஜோதிட நூல்களில் இந்தக் குச்சிக்குச் சங்கு என்று பெயர்.

தில்லியில் நடுப்பகல் 12 மணிக்கு வராது. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்க ரேகைக்கு உரியது. தில்லி இருப்பதோ 77.2 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் வீதம் சுமார் 21 நிமிடம் தாமதம். அதற்கு மேலும் மாதத்துக்கு மாதம் மாறும். நவம்பர் ஆரம்பத்தில் 12.05க்கே உச்சி வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.35 ஆகிவிடும். தயவுசெய்து இதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தானே கண்டுபிடிக்கும்.

இப்படி அளந்தால் ஜூன் 21 அன்று தில்லியில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் வெறும் 9 சென்டிமீட்டர். மார்ச், செப்டம்பரில் இரவும் பகலும் சமமாகும் நாட்களில் 54, 55. டிசம்பர் 22 அன்று 128. சென்னையில் இருக்கும் அத்தை பிள்ளையையோ மாமா பெண்ணையோ அதே நாளில் அளக்கச் சொல்லுங்கள். அங்கே ஏப்ரல் கடைசியில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் நிழலே இருக்காது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் நமக்கு அந்த யோகம் கிடையாது. இரண்டு ஊரிலும் சூரியன் நிற்கும் கோணத்துக்கு வித்தியாசம் சுமார் 15.5 பாகை. வடக்கு தெற்காக தூரம் சுமார் 1,720 கிலோமீட்டர். 15.5 பாகைக்கு 1,720 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு குச்சியும் ஒரு டெலிபோன் காலும்தான் செலவு.

இதே சங்கு கல்லில் கட்டப்பட்டு நம் ஊரிலேயே நிற்கிறது. ஜந்தர் மந்தரில் ராஜா சவாய் ஜெய்சிங் 1724இல் கட்டிய சம்ராட் யந்திரத்தின் சாய்வு தில்லியின் அட்சரேகைக்குச் சமம். குச்சியோடு ஆறு மாதம் பழகிய பிறகு குழந்தையை அங்கே அழைத்துப் போங்கள். முதலிலேயே போனால் அது வெறும் சிவப்புப் படிக்கட்டு. குளிர்காலத்தில் ஜெய்ப்பூர் போக முடிந்தால் இன்னும் விசேஷம். அங்கே உள்ள 27 மீட்டர் உயர யந்திரத்தில் நிழல் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். என் பேரனுக்குப் பதினொரு வயது. பூணூல் போட்டாகிவிட்டது. டிசம்பர் 22 அன்று அவன் நோட்டில் 128. பனிமூட்டத்தில் இரண்டு வாரம் சூரியனே தெரியவில்லை. ஜனவரி 14, சங்கராந்தியன்று பளிச்சென்று வெயில். அளந்தான், 119. பொங்கல் பானையை இறக்குவதற்கு முன் கேட்டுவிட்டான்:

"தாத்தா, நிழல் ஒம்பது சென்டிமீட்டர் குறைஞ்சுடுத்தே. சூரியன் திரும்பி ரொம்ப நாளாச்சுன்னுதானே அர்த்தம்? இன்னிக்குத்தான் உத்தராயணம் பொறக்கறதுன்னு எப்படிச் சொல்றேள்?"

பக்கத்தில் என் அத்திம்பேர் உட்கார்ந்திருந்தார். "குழந்தைகிட்ட பஞ்சாங்கம் தப்புன்னு இந்த வயசிலேயே சொல்லிக் குடுத்தா, நாளைக்கு சந்தியாவந்தனமே எதுக்கும்பான். பேச்சை மாத்து" என்றார். இந்தச் சபையிலும் பலர் அப்படித்தான் நினைப்பீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அளக்கச் சொல்லிவிட்டு, அளவு நமக்கு ஒத்துவராதபோது பேச்சை மாற்றினால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் குச்சியைத் தொடமாட்டான். நம்மையும் நம்பமாட்டான்.

ஆகவே உள்ளதைச் சொன்னேன். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. சங்கராந்தியை நாம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறோம். பூமியின் அச்சு, பம்பரம் ஓயும்போது தலையை ஆட்டுவது போல மெதுவாகச் சுழல்வதால், இந்த இரண்டு கணக்கும் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் விலகுகின்றன. ஏறக்குறைய 1,700 வருஷத்துக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. இன்றைக்கு 24 நாள் இடைவெளி. நம்பிக்கை வராவிட்டால் இன்னொரு அத்தாட்சி. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தியன்று; ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. இப்போது சங்கராந்தி 14 அல்லது 15இல் வருகிறது. பேரன் தானே கழித்துப் பார்த்துக்கொண்டான்.

இது நாஸ்திகம் ஒன்றும் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் வராஹமிஹிரர் பிருஹத் ஸம்ஹிதையில், பழைய சாஸ்திரங்கள் சொன்ன இடத்திலிருந்து அயனம் நகர்ந்துவிட்டது என்றும், சந்தேகம் வந்தால் நிழலைக் குறித்து நேரில் பரீட்சித்துப் பார்க்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவும் 1955இல் தந்த அறிக்கையில் இந்த விலகலைத்தான் பேசியது. 1957 மார்ச் 22 முதல் வழக்கத்துக்கு வந்த தேசிய நாட்காட்டி அதன் பலன். அரசாங்கக் கெஜட்டில் இன்றும் அந்த சகத் தேதியைப் பார்க்கலாம். நான் சர்வீஸில் இருந்தபோது அதை ஏறிட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

"அப்போ சங்கல்பத்துல என்ன சொல்றது?" என்று பேரன் கேட்டான். "வாத்தியார் சொல்றபடி சொல்லு. நோட்டுல நீ அளந்ததை எழுது. நடுவுல 24 நாள் எப்படி வந்ததுன்னு உனக்குத் தெரியும்" என்றேன். அத்திம்பேருக்கு இன்னும் திருப்தி இல்லை. ஆனால் இந்த டிசம்பரில் தன்னையும் மாடிக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது கோடை. மே மாதம் மாமிகள் ஜவ்வரிசி வடாம் இடும்போது குழந்தைக்கு ஒரு தராசைக் கொடுங்கள். பத்து வடாத்தை ஒரு தட்டில் தனியாக இட்டு, இரண்டு மணிக்கு ஒரு தரம் எடை போட்டு எழுதட்டும். லூ அடிக்கும் நாளில் ஒரே பகலில் தண்ணீரெல்லாம் போய்விடும். அதே மாவில் கொஞ்சம் ஜூலையில் இட்டுப் பாருங்கள். மறுநாளும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். ஏன்? இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி (ஜுரம் பார்ப்பது உதவாது, 50 டிகிரி வரை காட்டுவது வேண்டும்) ஒன்றின் முனையில் ஈரத்துணியைச் சுற்றுங்கள். மே மாதம் இரண்டுக்கும் வித்தியாசம் 15 டிகிரிக்கு மேல்கூடப் போகும். ஜூலையில் அது மிகவும் குறைந்துவிடும். மண்பானைத் தண்ணீர் மே மாதத்தில் மட்டும் ஜில்லென்று இருப்பதும், கூலர் ஜூலையில் வெறும் சத்தம் போடுவதும் இதனால்தான். வடாம், பானை, கூலர் மூன்றும் ஒரே பாடம் என்று குழந்தை தானாக வந்து சொல்லும் நாள் வரை காத்திருங்கள்.

பாலக்காட்டுக் குடும்பங்களுக்கு ஒன்று. ஏப்ரலில் விஷுக்கணிக்குக் கொன்றைப்பூ தேடி அலைகிறீர்கள். தில்லியில் அதே மரம், இங்கே அமல்தாஸ் என்கிறார்கள், மே கடைசியில்தான் சாலையெல்லாம் மஞ்சளாகப் பூக்கிறது. உங்கள் தெருவில் ஒரு மரத்தைக் குழந்தையின் பேரில் ஒதுக்கி, முதல் பூ வந்த தேதியை வருஷாவருஷம் எழுதச் சொல்லுங்கள்.

மழைக்கு வருகிறேன். தில்லிக்குப் பருவமழை வரும் சராசரித் தேதி ஜூன் 27. 2024 ஜூன் 28 காலை வரை 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். பலர் வீட்டில் காரே மிதந்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். பத்துக்குப் பத்து மீட்டர் மாடியில் அன்று விழுந்தது 22,800 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் கிட்டத்தட்ட 23 நிரம்பியிருக்கும். எல்லாம் சாக்கடைக்குப் போய், மறுநாள் நாம் டேங்கர் வண்டிக்குக் காத்திருந்தோம். இந்தக் கணக்கை ஒரு குழந்தை போட்டுக் காட்டினால் காலனி சங்கத்தாருக்குக்கூட உறைக்கும்.

ஆடிப்பெருக்கன்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு போவதோடு சரியாகிவிடுகிறது. தஞ்சாவூரில் மழையில்லாத மாதத்தில் காவிரி ஏன் பெருகுகிறது என்று கேளுங்கள். குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் காரணம். யமுனையும் அப்படியே. மலையிலும் ஹரியானாவிலும் பெய்தது இங்கே வந்து சேர்கிறது. 2023 ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தில் 208.66 மீட்டரைத் தொட்டு, 1978இன் 207.49ஐ முறியடித்தது.

நவராத்திரிக்கு அதிகம் சொல்ல வேண்டாம். கொலுப் பார்க்குக்குக் கடுகும் வெந்தயமும் விதைக்கும்போது ஒரு தட்டை அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். இருட்டில் இருப்பது வெளுத்து, நெட்டையாக வளரும். ஒன்பது நாளும் ஸ்கேலால் அளக்கலாம். திருக்கார்த்திகையன்று பௌர்ணமிச் சந்திரன் கிருத்திகை நட்சத்திரத்தின் அருகில் இருக்கும். நம் ஊர்க் காற்றில் ஆறு நட்சத்திரமும் தெரிந்தால் அது அதிர்ஷ்டம். தெரியவில்லை என்றால் அதையும் எழுதி வைக்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாப் பண்டிகையையும் பாடமாக்கிவிடாதீர்கள். வருஷத்துக்கு நாலு போதும். தீபாவளியன்று குழந்தை எண்ணெய் தேய்த்துக் குளித்து, மருந்து சாப்பிட்டு, சும்மா இருக்கட்டும்.

வீட்டில் படிக்கும் குழந்தைக்குப் பெரிய குறை துணை இல்லாமைதான். அதற்கு நம் சங்கம் ஒன்று செய்யலாம். நம் உறுப்பினர்கள் துவாரகா, ரோகிணி, மயூர் விஹார், ராமகிருஷ்ணபுரம், நொய்டா என்று பரவியிருக்கிறோம். ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு குழந்தை மழை அளக்கட்டும். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளும் சேரலாம். ஒரே மழை எங்கே எவ்வளவு பெய்தது என்று மாதம் ஒரு சனிக்கிழமை இந்த ஹாலில் வரைபடத்தில் குறிப்போம். ஹாலைத் திறந்துவிட செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பாட்டில் மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கவேண்டும். கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் போல வையுங்கள். அடிப்பாகம் குழிந்திருந்தால் சமமாகும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி வைத்து, தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். வானிலைத் துறை அளக்கும் நேரம் அதுதான். ஸ்கேலும் ஸ்டிக்கரும் வாசலில் மேஜை மேல் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.